பதில் வேண்டாம், வேலை நடக்கட்டும்

மறுநாள் காலை பாலத்தை மூடுகிறார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் பள்ளிப் பேருந்து ஏறும் ஒன்பதாயிரம் பிள்ளைகளுக்கும் வேறு நிறுத்தம் ஒதுக்கி, மாலை ஐந்துக்குள் பெற்றோருக்குச் செய்தி அனுப்ப வேண்டும். தவறினால், வராத பேருந்துக்காகப் பிள்ளைகள் தெருவில் நிற்பார்கள்.

தரவுத்தளத்தில் இதற்கென்றே முன்பே எழுதிவைத்த ஒரு ஃபங்ஷன், அழைத்தால் ஓடும் நிரல், இருந்தது. பிள்ளையின் எண்ணைக் கொடுத்தால் பக்கத்து நிறுத்தத்தைத் தேடிப் பதியும். பெயர், முகவரி, தூரம் என்று முழ நீளத்துக்குப் பதிலும் சொல்லும். அத்தனை பதிலும் குவிந்து காலையில் திரை உறைந்தது; எதுவும் பதியவில்லை. பள்ளிப் போக்குவரத்து அலுவலகத்தின் கணினிப் பிரிவில் வேகத்துக்காக மின்னல் என்று பேர் வாங்கியவள், பதில் திரைக்கு வராதபடி கட்டளையை மாற்றினாள். ஒரு நொடியில் முடிந்தது. வேலை ஆயிற்று என்று எல்லோரிடமும் சொல்லியும் விட்டாள்.

மூன்றரைக்கு வண்டிப் பிரிவு மேற்பார்வையாளர் மூச்சு வாங்க வந்தார். "என்னம்மா மின்னல், பட்டியல்ல எல்லாமே பழைய நிறுத்தம்!"

"இருக்காதே சார். ஒரு நொடியில ஓடிடுச்சே."

"ஒன்பதாயிரம் பேரை ஒரு நொடியிலயா? அந்த வித்தைய என் டிரைவருங்களுக்கும் சொல்லிக் குடு."

பார்த்தாள், சுருக்கென்றது. ஃபங்ஷனை அழைக்கும் வரியை, பெரிய கட்டளைக்குள் அடங்கிய ஒரு துணைக் கேள்விக்குள் வைத்திருந்தாள். அந்தக் கேள்வியின் விடையை மீதிக் கட்டளை எங்கும் கேட்கவில்லை. யாரும் கேட்காத விடைக்காகத் தரவுத்தளம் மெனக்கெடாது. ஃபங்ஷனை அது கூப்பிடவே இல்லை.

"கையால மாத்திடலாமா? ஆளுக்குக் கொஞ்சம் பிரிச்சுக்குவோம்."

"ஒன்றரை மணி நேரத்திலயா? உக்காருங்க சார். இன்னிக்கு இத முடிக்காம நான் எழுந்திருக்கப் போறதில்ல."

ஒவ்வொரு எண்ணாக எடுக்கும் சிறு நிரல் எழுதினாள். ஃபங்ஷனுக்கு முன்னால், 'விடையைக் கொடு' என்பதற்குப் பதிலாக 'செய்து முடி, விடையைத் தூக்கிப் போடு' என்று பொருள்படும் கட்டளையை வைத்தாள். முதலில் ஒரே ஒரு பிள்ளை. நிறுத்தம் மாறியிருந்தது. பிறகு பத்துப் பேர். பிறகுதான் எல்லோரும்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் சிவப்பு எழுத்து வந்தது: ஒரு பிள்ளைக்கு முகவரி இல்லை. இந்த ஓட்டத்தில் மாறியவை அனைத்தும் பழையபடி ஆகிவிட்டன.

"பதிலத்தான் தூக்கிப் போட்டியே, இது எப்படி வந்துச்சு?"

"பதில் வேற, பிழை வேற சார். பிழைய அது விழுங்காது. அதுவும் நல்லதுக்குத்தான். அந்த வீட்டுக்கு ஒரு போன் போடுங்க."

முகவரி கிடைத்தது. முகவரி இல்லாதவர்கள் வேறு யாராவது உண்டா என்று தேடிப் பார்த்துவிட்டு மறுபடி ஓட்டினாள். திரையில் ஒரு வரிகூட வரவில்லை. நாலே முக்காலுக்கு நின்றது.

"முடிஞ்சுதா?"

அவள் விசைப்பலகைக்குத் திரும்பினாள். பழைய நிறுத்தத்தில் இன்னும் எத்தனை பேர் என்று தரவுத்தளத்தை எண்ணச் சொன்னாள். பூஜ்யம்.

"இப்ப செய்தி அனுப்புங்க சார்."