எதிர் பங்க்கில் என் நீல வண்டி

1
இந்தக் கதை குற்ற உணர்ச்சியில் பிறந்தது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தங்கை பெட்ரோல் பங்க் நடத்துகிறாள். சாலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு பங்க். அங்கே விலை குறைந்த நாட்களில் நான் அங்கே போடுவேன். மற்ற நாட்களில் நல்ல அண்ணனாகத் தங்கையிடம். அவளுக்கு இது தெரியாது. (தெரியாது என்று எழுதும்போதே கை தயங்குகிறது.)

2
முதல் தொடக்கம்: ‘பேராசையின் நிழல் அந்தச் சாலையில் நீண்டு…’ வேண்டாம். எதிர் பங்க்கை நடத்தும் மீசைக்காரரை வில்லனாக்கப் பார்த்தேன். மனிதர் வண்டிக் கண்ணாடியைத் தானே துடைத்துவிடுகிறார். தேறவில்லை.

3
கதைக்காக என்று சொல்லித் தங்கையிடமே போனேன்.

“ஒரே ரோடு, ஒரே பெட்ரோல். விலை மட்டும் ஏன் வேற?”

“என்கிட்ட போன வாரம் வாங்கின லோடு இன்னும் தீரல. அவர் நேத்துதான் வாங்கினார், அதுக்குள்ள விலை இறங்கிடுச்சு. அப்புறம், காலையில வேலைக்கு ஓடுறவங்க என் பக்கம். அவசரத்துல யாரு போர்டைப் பாக்குறாங்க? சாயங்காலம் வீட்டுக்குப் போறவங்க அவர் பக்கம். நிதானமா விலை பாத்துப் போடுவாங்க.”

“தினமும் எப்படி முடிவு பண்ற?”

“ஜன்னல் வழியா அவரைப் பாத்து. அவர் என்னைப் பாத்து.”

ஜன்னலில் எதிர் பங்க் முழுசாகத் தெரிந்தது. நான் வண்டி நிறுத்தும் இடம் உட்பட.

4
“வெயில்ல அவர் போர்டு கூசும் அண்ணா, நம்பர் தெரியாது. உன் நீல வண்டி அங்க நின்னா விலை குறைச்சிட்டார்னு அர்த்தம். உடனே நானும் குறைச்சிடுவேன். நீ இல்லன்னா என் பாடு திண்டாட்டம்தான்” என்று சிரித்தாள்.*

* திட்டியிருந்தால் கதைக்கு நல்லது. எனக்கு அந்தச் சிரிப்பு போதும். மனசு லேசாகிவிட்டது.

5
மீசைக்காரரிடமும் கேட்டேன்.

“உங்க வண்டி தங்கச்சி பக்கம் திரும்பினா நானும் உஷாராகி விலையைக் குறைச்சிடுவேன் சார்!”

6
முடிவு. இன்று இரண்டு போர்டிலும் ஒரே விலை. என் டேங்க் முள் சிவப்பில் நிற்கிறது, நான் இரண்டு பங்க்குக்கும் நடுவே. ஆளுக்கொரு ஜன்னலில் தங்கையும் மீசைக்காரரும் நிற்கிறார்கள். நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் எதிர்ப் பக்கம் விலையைக் குறைத்துவிடும். தங்கைக்கு எது நல்லது என்று…

பின்னால் ஹார்ன் அடிக்கிறார்கள். எந்தப் பக்கம் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வண்டிக்கும் பெட்ரோல் வேண்டுமென்றால் ஒன்று சொல்வேன்: நான் போகாத பங்க்குக்குப் போங்கள். (தங்கையிடம் கூட்டம் சேர வேண்டுமென்றால், நான் மீசைக்காரரிடம்தான் போட்டாக வேண்டும் போலிருக்கிறது.)