பழைய பிளேட்டில் ஓடிய நம்பர்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இந்தக் கதை என் தப்பிலிருந்து வந்தது. சிவகாசியில் பட்டாசு லேபிள் அச்சடிக்கும் கம்பெனியில் புரூஃப் பார்ப்பவன் நான். ஊர் பெருத்துவிட்டது, ஐந்து இலக்கம் போதவில்லை என்று எல்லா போன் நம்பருக்கும் முன்னால் ஒரு 2 சேர்த்த வருஷம் இது. சீசன் அவசரம். பழைய நம்பர் இருந்த அச்சு பிளேட்டிலேயே லேபிளை ஓட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். பட்டாசு வாங்குகிறவன் எவன் போன் பண்ணப் போகிறான்?

2

"நகரங்கள் வளரும்போது எண்களும்..." சீ, கட்டுரை. அடித்துவிட்டேன்.

முனியராஜிலிருந்து தொடங்குகிறேன். லாரியில் நாக்பூருக்குப் பட்டாசு லோடு இறக்கப் போன லோடுமேன். மனைவி பொன்மணிக்கு, அந்த லோடை அனுப்பிய நாரணாபுரத்துப் பட்டாசு ஆலையில் வேலை. வீட்டில் போன் கிடையாது. ஆலை ஆபீஸ் நம்பர் வேண்டுமென்றால் லோடிலிருக்கும் பெட்டியில் லேபிளைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது இங்கே லோடுமேன்களின் வழக்கம்.

(இந்த வழக்கம் எனக்குத் தெரியாது என்று முந்தைய படியில் எழுதியிருந்தேன். பொய். தெரியும்.)

3

நாரணாபுரத்தில் வெடிவிபத்து. வேறு ஆலை. பொன்மணிக்கு ஒரு கீறல்கூட இல்லை. நாக்பூர் டீக்கடை டிவியில் ஊர்ப்பெயர் மட்டும்தான் முனியராஜ் காதில் விழுந்தது. ஓடிப்போய் லேபிளிலிருந்த நம்பருக்கு மூன்று தடவை போன் போட்டார். பிறகு அவர்

(முடிக்க வரவில்லை. லாரி டிரைவர் சீனிச்சாமி என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்.)

"அப்படி ஒரு நம்பரே இல்லேன்னுட்டான் பூத்துக்காரன். 'நம்பரே இல்லேன்னா ஆபீசே தரமட்டமாயிருச்சுலே. ஆபீச ஒட்டித்தாம்ல அவ ஷெட்டு'ன்னு முனியராஜ் தலையில அடிச்சுக்கிட்டான். நான் டீ வாங்கிட்டுத் திரும்புறதுக்குள்ள ஆளக் காணோம்ணே."

4

இன்றோடு பதினோரு நாள். போலீசிலும் சொல்லியாயிற்று.

முடிவு ஒன்று: ரயிலேறி வந்து வாசலில் நிற்கிறார். முடிவு இரண்டு: மாட்டேன், அதை எழுத மாட்டேன். பயமாக இருக்கிறது.

நேற்று பொன்மணியிடம் போய் லேபிள் விஷயத்தைச் சொன்னேன்.

"நாசமாப் போறவனே!" என்றாள். வெகுநேரம் அழுதாள். அப்புறம், "கதையெல்லாம் எழுதுவீகளாமே? நான் செத்துட்டேன்னு நம்பி எங்கனயோ அலையுற மனுசனுக்கு, நான் இருக்கேன்னு எழுதுங்க. வேற ஒரு எழவும் எழுத வேணாம்" என்றாள்.

எழுதிவிட்டேன். ஆனால் முனியராஜுக்கு எண்கள்தான் தெரியும், எழுத்து வாசிக்கத் தெரியாது. நீங்கள்தான் வாசிக்கிறீர்கள். அவருக்கு நாற்பது வயது, இடது புருவத்தில் தீத்தழும்பு. எந்த ரயில் ஸ்டேஷனில் பார்த்தாலும் தோளைத் தொட்டு, பொன்மணி இருக்கிறாள் என்று சொல்லுங்கள்.