முப்பதுக்கு இருபது

மாமனார் போட்டோ பிரேமை முதலில் செய்துவிட்டார். படம் பிறகு வரட்டும் என்பது அவர் எண்ணம். உலகத்தில் மற்றவர்கள் படத்தை எடுத்துவிட்டு அதற்கேற்ற பிரேமைத் தேடுவார்கள். தச்சுப் பட்டறை வைத்திருக்கும் மனிதருக்கு அந்த வரிசை எப்படிப் பிடிக்கும்? பட்டறையில் நல்ல தேக்குத் துண்டு ஒன்று மிஞ்சியிருந்தது. அதில் எவ்வளவு பெரிதாக வருமோ அவ்வளவு பெரிதாக இழைத்து, மூலைகளை ஆணி தெரியாமல் பூட்டி, வார்னிஷ் அடித்து, கூடத்துச் சுவரில் மாட்டியும் விட்டார். உள்ளளவு முப்பது அங்குலத்துக்கு இருபது. நடுவில் வெறும் சுவர். வீட்டுக்கு வந்தவர்கள் அந்த வெறும் சுவரைப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதில் வரவேண்டியது மாமனார் மாமியாரின் நாற்பதாவது திருமண நாள் விருந்தில் எடுக்கப்போகும் படம். எடுக்க வேண்டியவன் மாப்பிள்ளை. குடும்பத்தில் கேமரா வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நாலு பேர் நடுவில் நடக்க வெட்கப்படாதவனும் அவன்தான்.

மாமனார் பேச்சில் மகா சிக்கனம். கல்யாணமான நாளிலிருந்து மாப்பிள்ளையிடம் அவர் பேசியதெல்லாம் ‘வாங்க’, ‘சாப்பிட்டீங்களா’ என்ற இரண்டுக்குள் அடங்கிவிடும். அவனிடம் எதுவும் கேட்டதில்லை. மாடிப்படியில் கைப்பிடி பொருத்தும்போது இவன் ஓடிப்போய் ஒரு முனையைப் பிடித்தால்கூட, பரவாயில்லை என்பது போலத் தலையை ஆட்டி மெதுவாக அவன் கையை எடுத்துவிடுவார். அப்படிப்பட்டவர் முதல்முறையாக வாயைத் திறந்து, “பெரிசா ஒண்ணு எடுத்துக் கொடுங்க” என்று கேட்டிருந்தார். மாப்பிள்ளைக்குப் பெருமை பிடிபடவில்லை. இதை மட்டும் ஒழுங்காகச் செய்துவிட்டால் இந்த வீட்டில் தானும் ஒரு ஆள் ஆகிவிடலாம் என்று நினைத்தான்.

இங்கே அவனுடைய உத்தியோகத்தைச் சொல்லியாக வேண்டும். வந்த வினையெல்லாம் அதிலிருந்துதான் வந்தது. பேருந்து நிறுவனத்தில் எந்தத் தடத்தில் எத்தனை வண்டி, ஒரு வண்டியில் எத்தனை தலை என்று கணக்குப் போடுவது அவன் வேலை. நிறுத்தத்தில் ஒரு ஆள்கூட விட்டுப்போகக் கூடாது. உட்கார இடமில்லையா, நிற்கட்டும். நிற்க இடமில்லையா, கொஞ்சம் ஒட்டி நிற்கட்டும். மனைவி கடைக்குக் கொண்டுபோகும் பையைக்கூட அவன் இந்தக் கண்ணோடுதான் பார்ப்பான்.

அதுவும் மச்சான் கல்யாணத்தில் ஏற்கனவே ஒருமுறை சூடுபட்டிருந்தான். அன்றைக்குக் கேமராவில் படத்தின் அளவு ‘பெரிது’ என்று இருந்தது. விற்ற கடைக்காரர் வைத்துக் கொடுத்தபடி. ஒவ்வொரு படமும் மெமரி கார்டில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டது. சாப்பாட்டு நேரத்துக்குள் கார்டு நிறைந்துபோயிற்று. அப்போது எதிரே நின்றது மாமியாரின் தங்கை, சின்ன மாமியார். பவுடர் போட்டு, முடியைச் சரிசெய்து, வயிற்றை உள்ளே இழுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கார்டு நிறைந்துவிட்டது என்று இவன் சொன்னதும் மூச்சை விட்டார். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் நிறையாத கார்டு எனக்கு மட்டும் எப்படி நிறைந்தது என்று கேட்டுவிட்டுப் போனவர், பல மாதங்கள் அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஆகவே விருந்துக்கு முந்தின நாள் கேமராவின் மெனுவைத் திறந்து உட்கார்ந்தான். பெரிது, நடுத்தரம், சிறிது என்று துணிக்கடை மாதிரி வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றையும் தொட்டால், கார்டில் இன்னும் எத்தனை படம் பிடிக்கும் என்று மூலையில் ஒரு எண் வந்தது. பெரிதில் சில நூறு. நடுத்தரத்தில் அதைப் போல இரண்டு மடங்கு. சிறிதில் ஆயிரத்தைத் தாண்டியது. சிறிதுக்கும் கீழே, மின்னஞ்சலில் அனுப்புவதற்கென்று ஒரு பொடி அளவு பதுங்கியிருந்தது. அதைத் தொட்டதும் எண் காட்ட இடம் போதாமல் எல்லாம் ஒன்பதாக நின்றுவிட்டது. ஒரே வண்டியில் ஊரையே ஏற்றலாம் என்றால் எந்தப் பேருந்துக் கணக்கன் விடுவான்?

மனைவி எட்டிப் பார்த்தாள். இவ்வளவு சின்னதாக வைத்தால் படம் நன்றாக வருமா என்று கேட்டாள். அவன் சிரித்தான். படம் படம்தான், அதைச் சின்னதாகவோ பெரிதாகவோ போடுவது ஸ்டுடியோக்காரர் வேலை என்று விளக்கினான். சந்தேகம் தீர அவளையே ஒரு படம் எடுத்து, கேமராவின் முதுகிலிருந்த திரையில் காட்டினான். பளிச்சென்று இருந்தது. அந்தத் திரையே தீப்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிது என்பது இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

விருந்தில் அவன்தான் ராஜா. யாரையும் விடவில்லை. சின்ன மாமியாரை உட்கார வைத்து, நிற்க வைத்து, பூச்சாடிக்குப் பக்கத்தில், பூச்சாடி இல்லாமல் என்று எடுத்துத் தள்ளினான். அவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இவனைப் போல ஒரு பிள்ளை கிடைக்குமா என்று சமையற்காரர்வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

மாமியார்தான் பிடிகொடுக்கவில்லை. அவருக்கு முன்பல் ஒன்று கொஞ்சம் எடுப்பு. அதனால் சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். கேமராவைக் கண்டால் சிரிப்பே வராது. கணவரோடு நிற்கவைத்து எடுத்த எல்லாப் படத்திலும் ஏதோ விசாரணைக்கு அழைத்துவரப்பட்டவர் போல் நின்றார். ஆனால் மதியம் ஒரு விஷயம் நடந்தது. அவர் காபிக் கோப்பைகள் நிறைந்த பெரிய தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். தங்கை பக்கத்தில் வந்து காதில் ஏதோ சொன்னார். சிரிப்பு பீறிட்டு வந்தது. கை இரண்டும் தட்டில் மாட்டிக்கொண்டிருந்தன. தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வாய்விட்டு, கண்ணில் நீர் வர அப்படியொரு சிரிப்பு. கொஞ்ச தூரத்திலிருந்து மாப்பிள்ளை அதைக் கேமராவில் அமுக்கிவிட்டான்.

சாயங்காலம் மாமனார் கேமராவை வாங்கி, பலகையில் வெடிப்புத் தேடுகிறவர் போல ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே வந்தார். அந்தப் படத்தில் விரல் நின்றுவிட்டது. வெகுநேரம் பார்த்தார். பிறகு, “இதுதான்” என்றார்.

“இதுல நீங்க இல்லையே மாமா?”

“நான் எதுக்கு?”

இரண்டு பேரும் சேர்ந்து நிற்கும் படங்களை மாப்பிள்ளை எடுத்துக் காட்டினான். அவர் அவற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்புப் படத்துக்கே திரும்பிப் போய், எதற்கும் இருக்கட்டும் என்று டேப்பை எடுத்து இன்னொரு முறை பிரேமை அளந்துவிட்டு வந்தார்.

ஸ்டுடியோக்காரர் கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்திக்கொண்டு பேசும் மனிதர். மாப்பிள்ளை கார்டைக் கொடுத்து முப்பதுக்கு இருபது என்று கம்பீரமாகச் சொன்னான். அவர் படத்தைக் கணினியில் ஏற்றி, அந்த அளவுக்கு இழுத்தார். மாமியார் சிரித்தபடியே பெரிதாகிக்கொண்டு வந்தார். கொஞ்சம் பெரிதானதும் பல் காணாமல் போயிற்று. இன்னும் கொஞ்சம் பெரிதானதும் மூக்கு ஒரு கட்டம், கண் இரண்டு கட்டம் என்று ஆகிவிட்டது. ஸ்டுடியோக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“வீட்ல யாருக்கெல்லாம் தெரியும்?” என்று, தீராத நோயைக் கண்டுபிடித்துவிட்ட டாக்டர் போலத் தணிந்த குரலில் கேட்டார்.

என்ன ஆயிற்று என்று மாப்பிள்ளை கேட்டான். அவர் விளக்கினார். படம் என்பது புள்ளிகள்தான். ஆல்பத்தில் ஒட்டுகிற உள்ளங்கை அளவுக்கு நடுத்தரமே தாராளம். சுவரில் மாட்டுவதென்றால் பெரிதில் வைத்து, தரத்தையும் உச்சத்தில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். புள்ளி எவ்வளவோ அவ்வளவுதான் காகிதம். பிறகு கூட்டிக்கொள்ள முடியாது. இவன் எடுத்திருப்பது பாஸ்போர்ட்டுக்கு ஆகும், அதற்கு மேல் தாங்காது. கூட்டத்தை ஏற்றுகிறேன் என்று எல்லாரையும் ஒற்றைக்காலில் நிற்க வைத்துவிட்டோம் என்பது மாப்பிள்ளைக்கு அப்போதுதான் புரிந்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. எடுத்ததை மறுபடியும் எடுத்துவிட்டால் என்ன? மறுநாள் மாமனார் பட்டறைக்குப் போன நேரம் பார்த்து மாமியாரிடம் போய், அன்றைக்கு வெளிச்சம் சரியில்லை என்று மென்று விழுங்கினான். மாமியார் நல்லவர். அதே புடவையைக் கட்டிக்கொண்டு, அதே தட்டில் காலிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு வந்து நின்றார். சின்ன மாமியாரும் வரவழைக்கப்பட்டார். கேமரா இந்தத் தடவை பெரிதில், தரம் உச்சத்தில். அன்றைக்குக் காதில் சொன்னதையே சொல்லும்படி கேட்டுக்கொண்டான்.

சின்ன மாமியார் சொன்னார். மாமியார் தட்டைப் பிடித்தபடி தலையை ஆட்டினார். இன்னொரு முறை சொல்லச் சொன்னான். சொன்னார். இதில் அன்றைக்கு அப்படி என்ன சிரிப்பு வந்தது என்று மாமியாருக்கே ஆச்சரியமாகப் போய்விட்டது. அக்கா தங்கை இருவரும் அதை ஆராய ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளை தானே ஒரு நகைச்சுவை சொல்லிப் பார்த்தான். பேருந்து நிலையத்து நகைச்சுவை. மாமியார் மரியாதைக்காக உதட்டை விரித்தார். கை வலிக்கிறது, தட்டைக் கீழே வைக்கட்டுமா என்று கேட்டார். படம் ஊசி முனைபோல் துல்லியமாக வந்தது. புடவையின் இழையை எண்ணலாம். விசாரணைக்கு வந்த முகம் அப்படியே இருந்தது.

இனி மறைத்துப் பயனில்லை. அன்று மாலை மாமனார் வெறும் பிரேமைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றான்.

“மாமா, தப்பு நடந்துபோச்சு. யாரும் விட்டுப்போகக் கூடாதுன்னு ரொம்பச் சின்ன அளவுல வெச்சு எடுத்துட்டேன். அந்தப் படம் தீப்பெட்டி அளவுக்குத்தான் வரும்.”

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது. ஆறடி மரத்தை மூன்றடியில் வெட்டிவிட்டு வந்து நிற்கும் ஆளைப் பட்டறையில் அவர் என்ன செய்வார் என்று யோசித்துப் பார்த்தான். யோசிக்காமல் இருந்திருக்கலாம்.

“பிரேம் அளவுக்கே போடச் சொல்லுங்க” என்றார் மாமனார்.

கட்டம் கட்டமாக வரும் என்று இவன் சொன்னான். வரட்டும் என்றார்.

ஸ்டுடியோக்காரர் முடியாது என்றார். இவன் கெஞ்சினான். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்: படத்தின் பின்னால் கடை முத்திரை விழாது, யார் கேட்டாலும் இது வேறு எங்கோ போட்டது. சுருட்டிக் கொடுத்த படத்தை மாப்பிள்ளை கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தெரிந்தவர் கண்ணில் படாமல் சந்து சந்தாக வீடு வந்து சேர்ந்தான்.

மாமனார் அதைப் பிரேமுக்குள் பொருத்தி மாட்டினார். எல்லாரும் கிட்டே போய்ப் பார்த்தார்கள். சின்ன மாமியார், குளியலறைக்கு ஓடு பதித்த மாதிரி இருக்கிறது என்றார். மனைவி படத்தை விட்டுவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்தாள். அது இன்னும் மோசம். மாமியார் மூக்கு படத்தில் இடிக்கிற அளவுக்குப் போய் நின்று, இது யார் என்று கேட்டார். மாப்பிள்ளைக்கு அப்படியே தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போல இருந்தது. மாமனார் ஒரே ஒரு காரியம் கேட்டார், அதையும் கெடுத்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

மாமனார் மட்டும் அங்கே நிற்கவில்லை. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கூடத்தின் அடுத்த கோடிக்கு, செருப்பு விடுகிற வாசற்கதவுவரை நடந்து போய்த் திரும்பி நின்றார்.

“சரியா இருக்கு” என்றார்.

தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார் என்று மாப்பிள்ளை நினைத்தான். இருந்தாலும் அவருக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தான். கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து காணாமல் போயிருந்தன. தட்டு, கோப்பைகள், பின்னுக்குச் சாய்ந்த தலை, எடுப்பான பல் எல்லாம் அங்கே இருந்தன. சுவரிலிருந்து மாமியார் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மாமியாருக்கு நம்பிக்கை வரவில்லை. கண்ணைப் படத்திலிருந்து எடுக்காமல் ஒவ்வொரு அடியாகப் பின்னால் நடந்து வந்தார். செருப்புகளுக்கு நடுவில் கணவர் மேல் முதுகு இடித்ததும் நின்றார்.

“நான் இப்படியா சிரிக்கறேன்?”

“இப்படித்தான்” என்றார் மாமனார். “நாப்பது வருஷமா இவ்வளவு தூரத்துலேருந்துதான் பாக்கறேன். கிட்ட வந்தா நிறுத்திடற.”

அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி மாப்பிள்ளை கேட்டதில்லை. மாமியாரும் கேட்டிருக்கமாட்டார் போலும். அவர் கணவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே, அவர் சட்டையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டார். பிறகு மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

“அந்தச் சோபாவ இங்க கொண்டுவந்து போடுங்க மாப்பிள்ளை. ஒத்தை சோபா வேண்டாம். ரெண்டு பேர் உக்கார்றது.”

மாப்பிள்ளை ஓடிப்போய்ச் சோபாவின் ஒரு முனையைப் பிடித்தான். மறுமுனையைப் பிடித்துக்கொண்ட மாமனார், “தூக்குங்க” என்றார்.