மருந்தில்லாத மாத்திரை

மன்னவனூரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது டாக்டர் உபகாரத்தின் பையில் மாத்திரைகள் இல்லை. இத்தனை நாளும் பழுப்புக் கண்ணாடிப் புட்டிகள் ஒன்றோடொன்று உரசிக் கலகலக்கும் சத்தத்தோடுதான் அவர் இந்த ஊருக்குள் வருவார். டீக்கடையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், “கால் டாக்டரு வந்துட்டாரு” என்பார்கள். இன்றைக்கும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் எழுந்து நின்று கும்பிட்டான். மழை விட்டுச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. ஆட்டுப் பண்ணைப் பக்கமிருந்து வந்த காற்று காதை அறுத்தது. இந்தக் குளிர் அவருக்குப் புதிதல்ல. செண்பகனூரில் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்துக்குக் கம்பளிச் சட்டைக்குள் கைகளை இழுத்துக்கொண்டு நடந்தவர்தான். ஆனாலும் இந்த மேல்மலையில் குளிர் அடிக்கும்போதெல்லாம் அவர் தன்னை நினைப்பதில்லை. எவன் காலில் எந்த விரல் இப்போது நீலம் பாய்ந்துகொண்டிருக்கிறது என்றுதான் நினைப்பார்.

கீழே சமவெளியில் ஒரு மருத்துவக் கல்லூரியில் அவருக்கு வேலை. வெட்டி எடுத்த கால்கள்தான் அவருடைய ஆராய்ச்சி. மற்ற டாக்டர்களுக்கு வேலை முடிந்துபோன இடத்தில் அவருக்கு ஆரம்பிக்கும். அந்தக் கால்களிலிருந்து ரத்தக்குழாய்களைப் பிரித்தெடுத்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்ப்பார். எல்லாம் நாற்பது வயதுகூட ஆகாத ஆண்களின் கால்கள். எல்லோரும் பீடி குடிப்பவர்கள். குழாய்ச் சுவர் பெரிதாகச் சிதைந்திருக்காது. ஆனால் உள்ளே ரத்தம் உறைந்து அடைத்திருக்கும். அந்த உறைவுக்குள் வெள்ளணுக்கள், வெல்லக்கட்டியை எறும்பு மொய்ப்பதுபோல் மொய்த்துக் கிடக்கும். அழற்சியால் உறைகிறதா, உறைவதால் அழற்சியா என்று அவர் வருஷக்கணக்கில் யோசித்தார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்தான் எல்லாம் தொடங்குகிறது; அந்த ஒட்டுதலைத் தடுத்துவிட்டால் கால் பிழைக்கும். அதற்கு ஒரு மருந்தும் இருந்தது.

சோதனைக்கு ஒப்புக்கொண்டவர்களில் பாதிப்பேருக்கு மருந்து. மீதிப்பேருக்கு அதே நிறம், அதே கசப்பு, அதே புட்டி, ஆனால் உள்ளே வெறும் மாவு. யாருக்கு எது என்று அவருக்கே தெரியாது. தெரிந்தால் கண் ஏமாற்றும். இதை அவர் யாரிடமும் மறைக்கவில்லை. மன்னவனூர்க்காரர்கள் இரண்டு பேரிடமும் முதல் நாளே சொன்னார். “ஒருத்தருக்கு மருந்தா இருக்கலாம், ஒருத்தருக்கு மாவா இருக்கலாம். எனக்கும் தெரியாது. எல்லாம் முடிஞ்சதும் நானே வந்து சொல்றேன். ஆனா பீடிய ரெண்டு பேரும் விடணும்.” நாச்சிமுத்துவும் வேலுச்சாமியும் தலையாட்டினார்கள். வேலுச்சாமியின் தங்கை சண்முகவள்ளியைத்தான் நாச்சிமுத்து கட்டியிருந்தான். மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே உருளைக்கிழங்குக் காட்டில் கொத்தி, ஒரே தீக்குச்சியில் பற்றவைத்துப் பழகியவர்கள். நோயும் ஒரே வருஷத்தில்தான் வந்தது.

போன வருஷம் வேலுச்சாமியின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நாச்சிமுத்துவின் புண் ஆறி, விரல்களில் சிவப்பு திரும்பி, அவன் மறுபடியும் காட்டில் இறங்கினான். ஊர் தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு மருந்து, மச்சானுக்கு மாவு. டாக்டருக்குக் காரட்டும் பீன்ஸும் மூட்டை கட்டிக் கொடுத்தது யார், நாச்சிமுத்துதானே என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு வேலுச்சாமி தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

போன வாரம் கல்லூரியில், யாருக்கு எது போனது என்ற கணக்கைத் திறந்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களுக்கும் மாவு சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. பீடியை விட்டவர்களுக்குக் கால் தப்பியது. விடாதவர்களுக்குப் போனது. அதைத் தெரிந்துகொள்ள நுண்ணோக்கியே வேண்டியதில்லை, அவர் மாணவனாக இருந்தபோது படித்த பாடப்புத்தகத்திலேயே இருந்தது. “இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டதும் ஒரு முடிவுதானே உபகாரம்” என்றார் துறைத்தலைவர். உபகாரம் சரி என்றார். மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார். அதன் பிறகுதான் அந்த இரண்டு பெயர்களுக்கு எதிரே இருந்ததைப் பார்த்தார். ஊர் நினைத்ததற்கு நேர் எதிராக இருந்தது.

சண்முகவள்ளி காட்டில் கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் சேலையில் கையைத் துடைத்தபடி வரப்பேறி வந்தாள்.

“வாங்க டாக்டரய்யா. அவரு வீட்லதான் இருக்காரு. காலுல ஒன்னுமில்ல, லேசா காய்ச்சல். மாத்திரை தீந்துபோச்சேன்னு நேத்துல இருந்து ஒங்க நெனப்பாவே கெடக்காரு.”

அவளிடம் மறைக்க அவருக்கு மனம் வரவில்லை. வரப்பிலேயே நின்று சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். காற்றில் பறந்த முந்தானையை இடுப்பில் செருகினாள்.

“அவருகிட்ட சொல்லாதீங்க” என்றாள்.

“சொல்றேன்னு வாக்குக் குடுத்திருக்கேம்மா.”

“இருக்கட்டும். அந்த மாத்திரைய நம்பித்தான் பீடிய விட்டாரு. நான் எம்புட்டு அழுதிருக்கேன், பிள்ளைக மேல சத்தியம் வாங்கியிருக்கேன், அதுக்கெல்லாம் விடல. வெள்ளனே எந்திரிச்சு, குளிச்சு, சாமிய கும்பிட்டுட்டுத்தான் அதை முழுங்குவாரு. முழுங்கின வாயில பீடி வைக்கக் கூடாதாம். அது மாவுன்னு தெரிஞ்சா அந்த வாய்க்கு என்ன கட்டுப்பாடு இருக்கு?”

“உங்க அண்ணன்? அவருக்குத் தெரிய வேண்டாமா? உங்க வீட்டு மேலதானே கோவமா இருக்காரு.”

பள்ளத்தில் யாரோ ஆட்டை அதட்டும் சத்தம் கேட்டது.

“ஒரு கால் போயிருச்சு. இனி அவரு கோவத்தோட இருந்தா இருந்துட்டுப் போறாரு. எனக்கு இவரு ரெண்டு காலோட வேணும்.”

வீட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் அவள் முன்னால் நடந்தாள். அவர் பின்னால் போனார். சோதனை தோற்றதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. மாவு ஒரு மனிதனின் காலைக் காப்பாற்றியிருக்கிறது. அந்த மாவை அவனுக்குத் தொடர்ந்து கொடுக்கலாம். கல்லூரி மருந்துக் கிடங்கில் கேட்பாரற்றுப் புட்டிகள் கிடக்கின்றன. யாருக்கும் நஷ்டமில்லை. வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர் முடிவு செய்துவிட்டார், சொல்வதில்லை என்று.

நாச்சிமுத்து கம்பளியைப் போர்த்திக்கொண்டு முற்றத்து வெயிலில் உட்கார்ந்திருந்தான். எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். பையைப் பார்த்தான். பிறகு அவர் முகத்தைப் பார்த்தான்.

“கொண்டாரலீங்களா?”

“இந்தத் தடவை இல்ல நாச்சிமுத்து. சோதனை முடிஞ்சுபோச்சு.”

“முடிஞ்சா என்னங்க, எனக்கு வேணும்ல? வெளிக்கடையில கெடைக்கும்னா பேரச் சொல்லுங்க. திண்டுக்கல்லுக்குப் போயாவது வாங்கிக்கிடுதேன். அது இல்லாம என்னால ஆகாதுங்க. நேத்துல இருந்தே வாய் நமநமங்குது.”

பார்க்கிறேன் என்று உபகாரம் சொல்லத் தொடங்கியபோது கல்லில் கட்டை ஊன்றும் சத்தம் கேட்டது. வேலுச்சாமி மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தான். டாக்டர் வந்த சேதி டீக்கடையிலிருந்து போயிருக்க வேண்டும். இரண்டு கக்கத்திலும் ஊன்றுகட்டை, மடித்துத் தைத்த கால்சட்டை, நெற்றியெல்லாம் வியர்வை. முற்றத்து ஓரத்தில் வேலிப்படலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டான். உள்ளே வரவில்லை.

“உள்ள வா மச்சான்” என்றான் நாச்சிமுத்து.

வேலுச்சாமி அவனைப் பார்க்கவில்லை. “டாக்டரய்யா, எனக்கு வேற சோலி இல்ல. ஒன்னே ஒன்னு கேட்டுட்டுப் போயிருதேன். முடிஞ்சதும் சொல்லுவேன்னு சொன்னீங்க. எனக்குக் குடுத்தது மாவுதான?”

உபகாரம் சண்முகவள்ளியைப் பார்த்தார். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பார்வை அண்ணன் முகத்தில் இல்லை, ஊன்றுகட்டை பதிந்திருந்த ஈர மண்ணில் இருந்தது. மேட்டில் ஏறிய வேகத்தில் அவன் ஒற்றைக் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. இந்த மேட்டை அவன் ஒரு வருஷமாக ஏறியதில்லை.

“சொல்லிருங்க டாக்டரய்யா” என்றாள்.

அவர் சொன்னார். சுருக்கமாக, குரலை உயர்த்தாமல் சொன்னார். வேலுச்சாமிக்குக் கொடுத்ததுதான் மருந்து. நாச்சிமுத்துவுக்குக் கொடுத்தது மாவு. மருந்தால் யாருக்கும் பிரயோஜனமில்லை. காலைக் காத்தது பீடியை விட்டதுதான்.

வேலுச்சாமி படலைப் பிடித்தபடி மெள்ள அங்கிருந்த கல்லில் உட்கார்ந்தான். நாச்சிமுத்து போர்வையை இழுத்து விட்டுக்கொண்டான். ஏதோ கணக்குத் தப்பிப்போனவன் போல விரல்களைப் பார்த்தான்.

“அப்ப எனக்கு ஒன்னுமே குடுக்கலீங்களா?” என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை.

“இல்ல நாச்சிமுத்து.”

“அம்புட்டு நாளும்?”

“ஆமா.”

அவன் எழுந்து, எல்லோரையும் கடந்து, முற்றத்துக்கு அந்தப் பக்கம் படிப்படியாய் இறங்கும் காட்டின் விளிம்பில் போய் நின்றான். முதுகுதான் தெரிந்தது. கீழே பள்ளத்தில் டீக்கடைக் கூரையிலிருந்து புகை கிளம்பி மூடுபனியோடு சேர்ந்துகொண்டிருந்தது. சண்முகவள்ளி அவனுக்குச் சற்றுப் பின்னால் போய் நின்றாள். கூப்பிடவில்லை.

“நான் விடல டாக்டரய்யா” என்றான் வேலுச்சாமி, தணிந்த குரலில். “ஒங்ககிட்ட விட்டுட்டேன்னேன். மருந்துதான் இருக்கே, ஒன்னு ரெண்டு குடிச்சா என்னான்னு நெனச்சேன். காலை எடுக்க ஆஸ்பத்திரியில சேத்திருந்தப்பக்கூட கக்கூசுல நின்னு குடிச்சேன். இன்னைக்குங்கூட.” தலையைக் குனிந்துகொண்டான். “இவுக மேல பழி போட்டுட்டேன். வள்ளி நாலு தடவ சோறு குடுத்து விட்டா. திருப்பி அனுப்புனேன்.”

பிறகு, யாரும் கேட்காமலே, மிச்சமிருந்த காலை நீட்டினான்.

உபகாரம் ஸ்டூலை விட்டு எழுந்துபோய் அவன் எதிரே மண்ணில் முழங்காலிட்டார். பாதம் சில்லென்று இருந்தது. பெருவிரலின் ஓரத்தில் ஒரு கருநீல நிறம். பழைய மண் கறையாகவும் இருக்கலாம். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார், போகவில்லை. நாடி தேடிப் பாதத்தின் மேல்புறம் இரண்டு விரல்களை வைத்தார். ஒன்றுமில்லை. கணுக்காலின் உட்பக்கம், எலும்புக்குப் பின்னாலிருக்கும் பள்ளத்துக்கு விரல்களை மாற்றி, கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். ஏதோ மிக மெல்லிசாகத் தட்டியது. நின்றது. மறுபடியும் தட்டியது. குளிரில் விறைத்த விரல் நுனியில் ஓடும் தன் ரத்தமேகூட இப்படித் தட்டும் என்று அவருக்குத் தெரியும்.

“இருக்குங்களா?” என்றான் வேலுச்சாமி.

“கொஞ்சம் பேசாம இருங்க.”

அவர் இடது கையை உயர்த்தித் தன் கழுத்தில், தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டார். ஒரு கை அவன் காலிலும் மறு கை தன் கழுத்திலுமாக, இரண்டும் ஒரே தாளத்தில் துடிக்கின்றனவா, வெவ்வேறா என்று கேட்டபடி அசையாமல் இருந்தார். பள்ளத்திலிருந்து ஏறிய மூடுபனி முற்றத்தின் விளிம்பை எட்டி, அங்கே நின்றிருந்த இரண்டு பேரின் முழங்கால் வரைக்கும் மூடியது.