நாலாவது சக்கரத்தின் ரிங்

ரிங் விஷயத்தில் துஷான்காவை யாராலும் அசைக்க முடியாது. பிளாஸ்டிக்தான் என்பாள். அவள் கணவன் வீதோமிருக்கு அலுமினியம். மொராவிட்சா ஆற்றுப் பாலத்தை ஒட்டிய அவர்களுடைய டயர் கடையில், வாடிக்கையாளர்களின் முன்னாலேயே இந்த வழக்கு வருஷக்கணக்காக நடந்துகொண்டிருந்தது.

வேறொரு காருக்காக வார்த்த அலாய் வீலை வாங்கி மாட்டுகிறவர்களுக்கு ரிங் இல்லாமல் ஆகாது. வீலின் நடுத்துளை பெரிதாக இருக்கும், காரில் சக்கரம் உட்காரும் குடமான ஹப் சிறிதாக இருக்கும். அந்த இடைவெளியில் ஒரு வளையத்தை அழுத்திவைத்தால்தான் சக்கரம் நடுவில் உட்காரும். வெளிவிளிம்பு துளைக்கும் உள்விளிம்பு ஹப்புக்கும் மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும். அளவு பார்த்து எடுப்பது துஷான்காவின் வேலை, மாட்டுவது வீதோமிரின் வேலை. அளவில் இருவருக்கும் சண்டை வந்ததில்லை. குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு அலுமினியத்தை அரித்து ஹப்போடு ஒட்டவைத்துவிடும், வசந்தத்தில் சக்கரத்தைக் கழற்றச் சுத்தியல் வேண்டும் என்பது அவள் கட்சி. பிளாஸ்டிக் எதற்கும் வளைந்துகொடுக்கும், அப்படிப்பட்ட பொருளை நம்பக் கூடாது என்பது அவன் கட்சி.

"வளைஞ்சு குடுக்கறதை நம்பக் கூடாதுன்னா உங்கம்மா என்னை எப்பவோ துரத்தியிருக்கணும்" என்பாள் துஷான்கா. வாடிக்கையாளர் சிரிப்பார். பிளாஸ்டிக் விற்றுப்போகும்.

அந்த வருஷம் ஈஸ்டர் முடிந்ததும் மகன் ரஸ்ட்கோவின் காருக்கும் அவள் பிளாஸ்டிக்தான் எடுத்தாள். ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கும் மாமா கொண்டுவந்து கொடுத்த வீல்கள் அவை, கண்ணாடி மாதிரி மின்னின. பெரியப்பா போஷிதாரின் மகன் வுகாஷினுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லாததால் ரஸ்ட்கோதான் தோழன். பெண்ணைத் தன் காரில் ஏற்றி மாப்பிள்ளை வீட்டு வாசலில் இறக்கிவிடுவது தோழனுடைய பொறுப்பு. குளிர்கால வீலோடு அந்தக் காரில் பெண்ணை ஏற்ற முடியுமா என்று அவன் ஒரு வாரம் உயிரை எடுத்தான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள், உறவுக்காரர்கள் கடையிலேயே ரக்கியா என்கிற பழச்சாராய பாட்டிலைத் திறந்து உட்கார்ந்திருக்க, வீதோமிர் பழைய சக்கரங்களைக் கழற்றிப் புதியதை மாட்டினான். ஒருமுறை சுற்றிவிட்டு வந்த ரஸ்ட்கோ ஸ்டியரிங் லேசாக நடுங்குகிறது என்றான். புது டயர் அப்படித்தான், ஓட ஓடச் சரியாகும் என்று வீதோமிர் சொன்னான். துஷான்கா கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்தது. மனதில் நிற்கவில்லை.

ஞாயிறு காலை ஊர்வலம் ஆற்றோரச் சாலை வழியாகப் பெண் வீட்டுக்குக் கிளம்பிற்று. முதல் காரில் கொடி, கொடிக்கம்பின் உச்சியில் ஆப்பிள். எல்லாக் கார்களின் கண்ணாடியிலும் பூத்தையல் போட்ட துண்டுகள். கடைசியில் ஒரு வேனில் டிரம்பெட் கோஷ்டி. மாப்பிள்ளையின் தாய் பெண்ணை வரவேற்க வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பதால் அவளுக்குத் துணையாகத் துஷான்காவும் தங்கிவிட்டாள். மத்தியானம் பந்தலில் நாற்காலி போதவில்லை. கடையில் மடக்கு நாற்காலிகள் கிடக்கின்றனவே என்று கடை வேனை எடுத்துக்கொண்டு போனாள்.

கடைக்குள் ரக்கியாவும் ரப்பரும் கலந்த வாடை தங்கியிருந்தது. ரஸ்ட்கோவின் குளிர்கால வீல்கள் சுவரில் சாய்ந்து கிடந்தன. காரை விற்றவன் அவற்றில் அலுமினிய ரிங் போட்டிருந்தான். உப்பைத் துடைத்துவைப்போம் என்று துஷான்கா துணியை எடுத்து முதல் வீலின் நடுத்துளைக்குள் விரலை ஓட்டினாள். ரிங் இருந்தது. இரண்டாவதிலும் இருந்தது, மூன்றாவதிலும் இருந்தது.

நாலாவதில் விரல் வெறும் துளையைத் தடவிற்று.

கீழே விழுந்திருக்கும் என்று பெஞ்சுக்கடியில் தேடினாள். குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். பிறகு மண்டியிட்டபடியே அப்படியே இருந்துவிட்டாள். ரிங் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. உப்பில் பூத்து ஹப்போடு ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது. வீதோமிர் பார்க்கவில்லை. அதன்மேலேயே புது வீலை மாட்டியிருக்கிறான்.

புது ரிங்கும் அலுமினியமாக இருந்திருந்தால் வீல் உள்ளேயே போயிருக்காது. உலோகம் உலோகத்தில் முட்டி நின்றிருக்கும், குடிகாரனுக்குக்கூடத் தெரிந்திருக்கும். அவள் எடுத்துக் கொடுத்ததோ பிளாஸ்டிக். அது நசுங்கி இடம் கொடுத்திருக்கிறது. வீல் ஹப்பின் முகத்தில் படியாமல் நசுங்கிய பிளாஸ்டிக்கின்மேல் உட்கார்ந்திருக்கிறது. போல்ட்டுகளும் நன்றாக இறுகியது போலவே தோன்றியிருக்கும். பிரேக் சூடேறாதவரை தாங்கும். சூடேறினால் பிளாஸ்டிக் இளகும், போல்ட்டுகள் தளரும்.

ஆற்றோரச் சாலை சமதளம், பிரேக்கைத் தொட வேண்டியதே இல்லை. ஆனால் கல்யாண ஊர்வலம் போன வழியே திரும்பாது. பெண்ணைக் கூட்டிவரும்போது வேறு வழியாகத்தான் வர வேண்டும். பெண்ணின் ஊரிலிருந்து இருக்கும் மற்ற ஒரே வழி கணவாய். மலையுச்சிவரை ஏற்றம், பிறகு ஊர் எல்லைவரை ஒரே இறக்கம்.

மகனை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வீதோமிரை அழைத்தாள். யாரோ எடுத்தார்கள். டிரம்பெட்டும் மேளமும், ஒருவன் பாடுவதும் கேட்டன. அவள் கத்தக் கத்த, போனை எடுத்தவன் பாட்டை முடித்துவிட்டுத் துண்டித்தான்.

வேனைக் கணவாய்ப் பக்கம் திருப்பினாள். மேலே ஏற ஏற பீச் மரங்களுக்கிடையே மூடுபனி இறங்கிற்று. சாலையோரம் பனிக்கட்டி அழுக்காக மிச்சமிருந்தது. வளைவுகளில் கறுப்புச் சலவைக்கல் பலகைகள், ஒவ்வொன்றிலும் அங்கே விபத்தில் செத்த ஒரு பையனின் முகம் பொறித்திருந்தது. யாரோ அன்றைக்குத்தான் ஒரு பலகையின் காலடியில் செத்தவனுக்குப் படையலாகப் பற்றவைத்த சிகரெட் ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அது இன்னும் புகைந்தது. அந்தப் பையனை அவளுக்குத் தெரியும். அவன் டயர் வாங்கியதே அவளிடம்தான். டயரில் குறையில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். இருந்தும் அந்த வளைவில் அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் போவாள். இன்றைக்கு நேராகப் பார்த்தாள்.

அதற்குமேல் போக முடியவில்லை. மூடுபனிக்குள்ளிருந்து ஹாரன் ஒலி வந்தது. இறங்க ஆரம்பித்துவிட்டார்கள். சாலை சற்று அகன்ற இடத்தில் வேனைக் குறுக்கே நிறுத்தி, இறங்கி, கைகளை விரித்துக்கொண்டு நின்றாள்.

கொடிக் கார் முதலில் வந்தது. வழியை மறித்து மொய் கேட்பது அங்கே வழக்கமான விளையாட்டு என்பதால் உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவன் ஜன்னல் வழியே பாட்டிலை நீட்டினான். பின்னால் ரஸ்ட்கோவின் கார் மெதுவாக வந்து நின்றது. அதன் முன்சக்கரத்திலிருந்து லேசாகப் புகை எழுந்தது. மூடுபனியில் அது வேறு யார் கண்ணிலும் படவில்லை.

ரஸ்ட்கோ இறங்கினான். "என்னம்மா இது? எல்லாரும் பாக்கறாங்க. வேனை எடு."

"ஸ்டியரிங் ஆடுதா?"

அவன் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். "ஆடுது. மேலேர்ந்து இறங்கறப்ப ரொம்ப."

அவள் இடது முன்சக்கரத்தின் அருகே உட்கார்ந்தாள். கையை வைக்க முடியாத சூடு. பால் பாத்திரம் அடிப்பிடித்ததும் பிளாஸ்டிக் கருகியதும் சேர்ந்த மாதிரி ஒரு நாற்றம். கழுத்துத் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ஒரு போல்ட்டைப் பிடித்தாள். திருகு சாவி தேவைப்படவில்லை, விரலுக்கே சுழன்றது. அடுத்ததும் சுழன்றது.

அதற்குள் பெரியவர் போஷிதார் கொடிக் காரிலிருந்து இறங்கி வந்திருந்தார். வீதோமிரும் பின்னாலிருந்து ஓடிவந்தான். அவள் அவனிடம் பழைய ரிங் ஹப்பிலேயே இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். அவன் முகத்திலிருந்து ரக்கியா அப்படியே வடிந்துபோயிற்று. தன் கைகளைப் பார்த்துக்கொண்டான்.

பெண் இந்தக் காரில் போகக் கூடாது, வேறு காருக்கு மாற்ற வேண்டும் என்று துஷான்கா சொன்னபோது போஷிதார் அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அவ பொறந்த வீட்டு வாசல்ல ஏறினவ. நம்ம வாசல்லதான் கால் வைக்கணும். நடுவழியில இறக்கறதா? போல்ட்டை இறுக்கு, போவோம்."

"இறுக்கினா நிக்காது அத்தான். இரும்புமேல இறுகல, இளகின பிளாஸ்டிக்மேல இறுகுது."

"வீதோமிர், நீ சொல்லுடா. நீதானே மாட்டினே?"

வீதோமிர் வாயைத் திறந்தான். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். டிரம்பெட்காரர்கள்கூடத் தங்கள் வேனிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். "இறுக்கலாம் அண்ணா" என்றான். "மெதுவா ஓட்டினா…"

துஷான்கா துண்டு சுற்றிய கையால் ஒரு போல்ட்டை முழுக்கச் சுழற்றி எடுத்து, போஷிதாரின் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்தாள். சூடு பொறுக்காமல் அவர் அதைக் கீழே போட்டார். அது தாரில் உருண்டு ஓரத்துப் பனிக்குள் போய்ச் சீறிற்று.

அப்போதும் அவர் சரியென்று சொல்லவில்லை. பின்கதவு திறந்தது. மணப்பெண் யாவோர்கா வெள்ளைச் செருப்போடு ஈரச் சாலையில் காலை வைத்தாள். இறங்காதே என்று உள்ளேயிருந்து யாரோ பாவாடையைப் பிடித்திழுத்தார்கள். அவள் அதை விடுவித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"எந்த வண்டியில ஏறணும்?"

பின்கார்களிலிருந்த பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி அழத் தொடங்கினாள். கடைசியில் வுகாஷின்தான் வந்து, யாரையும் பாராமல், மனைவியாகப் போகிறவளைக் கொடிக் காருக்கு அழைத்துப்போனான். துஷான்கா வேனை ஓரங்கட்டினாள். கார்கள் ஒவ்வொன்றாக அவளைத் தாண்டிப் போயின. வீதோமிர் அண்ணனோடு ஏறிக்கொண்டான். ரஸ்ட்கோ கொடிக் காரை ஓட்டினான். அவளைப் பார்க்கவே இல்லை. யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

அவள் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினாள். கழற்றுவது என்ன, கையோடு வந்தது. ஹப்பின்மேல் அலுமினிய ரிங் வெள்ளையாகப் பூத்து உட்கார்ந்திருந்தது. தான் தேர்ந்தெடுத்த பிளாஸ்டிக்கைச் சுரண்டி எடுத்தாள். மென்று துப்பிய சூயிங்கம் மாதிரி இருந்தது. இதைக் காட்டியிருந்தால் நம்பியிருப்பார்கள் என்று தோன்றிற்று. காட்ட அங்கே யாரும் இல்லை.

சாயங்காலத்துக்குள் இது ஊர் முழுக்கப் பரவிவிடும். சக்கரம் கழன்றிருக்கும் என்பதை யாரும் பார்க்கவில்லை. பெண் நடுவழியில் கால் வைத்ததை எல்லோரும் பார்த்தார்கள். இனி அந்த வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும், பசு செத்த கன்றைப் போட்டாலும், புருஷனும் பெண்டாட்டியும் ஒருநாள் முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும், காரணம் தயாராக இருக்கும். யாவோர்காவும்கூட ஒருநாள் அந்தக் காரணத்தை நம்பத் தொடங்குவாள்.

கீழே, வெகு தூரத்தில், ஹாரன் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. முதலில் தயங்கி ஒன்று, பிறகு எல்லாமும். ஒவ்வொரு வளைவிலும் மலை அந்தச் சத்தத்தை விழுங்கி, பிறகு திருப்பிக் கொடுத்தது. விழுங்கிய நேரமெல்லாம் துஷான்கா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.