விளக்கடிப் புதர்கள்

வடகோடிக் குளிர்தேசம். அக்டோபர் இரண்டாம் வாரம் ஒரே விடியலில் மைனஸ் பன்னிரண்டு டிகிரி. பத்து நாள் கழித்து ராந்தலாவின் நாற்றுப்பண்ணையில் முன்பக்கத்து வெய்கெலா பூப்புதர்களை நகத்தால் கீறினால் பட்டைக்கடியில் பச்சை இல்லை, பழுப்பு. இருநூறு செடி போச்சு.

பழி ஆர்மாஸ் தலையில் விழுந்தது. முப்பது வருஷம் அந்த மண்ணில் முதுகை ஒடித்தவர். குளிர்த்துணி சரியாகப் போர்த்தவில்லையாம். குடியிருக்கும் பண்ணை வீட்டை நவம்பரோடு காலி செய்ய வேண்டியிருக்கும், வெள்ளிக்கிழமை முடிவு சொல்கிறேன் என்றார் ராந்தலா.

மகள் ஹெல்விக்கு ரத்தம் கொதித்தது. அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள். நகரத்துச் சோதனைக்கூடத்தில் மாலை முறை வேலை. வீடு வர கடைசி பஸ்தான்.

"விடும்மா. அவரே யோசிக்கிறேன்னுதானே சொல்லியிருக்காரு. காப்பி ஆறுது பாரு."

"நீங்க வாயைத் திறக்காமலே இருந்துதாம்ப்பா முப்பது வருஷம் ஓடிருச்சு."

வெள்ளிக்கிழமை காலை ராந்தலாவைத் தோட்டத்துக்கு இழுத்துப் போனாள். பின்னாலேயே அப்பா. விளக்குக் கம்பத்தடியில் நாலு புதரைக் கீறினாள். நாலும் பழுப்பு. நாற்பது அடி தள்ளிப் போய்க் கீறினாள். பச்சை. மறுபக்கமும் பச்சை.

"துணிதான் காரணம்னா எல்லாமே செத்திருக்கணும்ல? கம்பத்தைச் சுத்தி மட்டும் ஏன் வட்டமா சாகுது?"

"நீதான் படிச்சவ. நீயே சொல்லு."

"பகல் குறுகினாத்தான் செடி தளிர் விடறத நிறுத்தும். தண்டு முத்தும். அப்புறம் லேசான குளிர் பட்டுப் பட்டு இன்னும் இறுகி, கடுங்குளிரத் தாங்கும். இதுங்க தலைக்கு மேல ஆகஸ்டுலேருந்து விளக்கு எரிஞ்சிருக்கு. கோடைன்னே நெனச்சு வளர்ந்துக்கிட்டே இருந்திருக்கு. கம்பளியே போர்த்தியிருந்தாலும் செத்திருக்கும். உங்க விளக்கு, உங்க தப்பு!"

ராந்தலா கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். அப்புறம் ஆர்மாஸை.

"அந்த விளக்கைப் போட வேணாம்னு நான் வசந்தத்துலேயே சொல்லிட்டேனே. சுவிட்சுப் பெட்டிச் சாவி யார்கிட்ட இருக்கு?"

ஆர்மாஸ் தொப்பியைக் கழற்றினார். மகளைப் பார்த்துத்தான் பேசினார்.

"பஸ் நிக்கிற எடத்துலேருந்து வீடு வரைக்கும் ஒரே இருட்டும்மா. பொழுது சாஞ்சதும் போட்டு வெச்சு, நீ வந்து கதவைச் சாத்துனதும் அணைச்சிருவேன். தெனமும் அணைச்சிருவேன்."

அந்த வெளிச்சத்தில் எத்தனை நாள் ஹெல்வி நடந்து வந்திருக்கிறாள்! ஒருநாள்கூட அண்ணாந்து பார்த்ததில்லை.

"துணி விஷயத்துல எனக்கே ஒரு சந்தேகம் இருந்துச்சு ஆர்மாஸ். வீட்டுலயே இருந்துக்கன்னு சொல்லத்தான் நெனச்சிருந்தேன்," என்றார் ராந்தலா. "தப்பு யார் மேலன்னு இப்ப சந்தேகமே இல்ல. உன் பொண்ணு நல்லாத்தான் படிச்சிருக்கா."

நவம்பர் கடைசி நாள் வண்டியில் சாமான் ஏற்றும்போது பிற்பகல் மூன்றரை மணிக்கே இருட்டிவிட்டது. கட்டிலின் கால் எது, தலைமாடு எது என்று தெரியாமல் இருவரும் தடவித் தடவித் தூக்கினார்கள். விளக்கைப் போடட்டுமா என்று அப்பாவும் கேட்கவில்லை, மகளும் கேட்கவில்லை.