சட்டையில் இல்லாத வாசனை

பரணிதரன் வேலையிலிருந்து வந்து ஆணியில் மாட்டிய சட்டையைச் சங்கீதா எடுத்தாள். அவன் பார்க்காதபடி அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிக்கொண்டு, அதை மூக்கோடு சேர்த்து மூச்சை இழுத்தாள்.

ஒன்றும் வரவில்லை.

காலரை முகர்ந்தாள். கக்கத்தை முகர்ந்தாள். சட்டையைத் திருப்பிப் போட்டு மறுபடியும் முகர்ந்தாள். ஈரத்தோலும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கும் அந்த நாற்றம், தோல் பதனிடும் டேனரியில் டிரம் ஓட்டும் ஆளின் சட்டையை விட்டு எத்தனை துவைத்தாலும் லேசில் போகாத நாற்றம், இல்லவே இல்லை.

வந்துவிட்டது என்று நினைத்தாள்.

நெமிலியில் நெல்லும் வைக்கோலுமாக வளர்ந்தவள் அவள். கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்த முதல் வாரம், புருஷன் வீட்டுக்குள் நுழைந்ததுமே கொல்லைப்புறம் ஓடி வாந்தி எடுத்தாள். மாமியார் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு பேரப்பிள்ளைக்குப் பெயரே யோசித்துவிட்டாள். பிறகு தெருக்காற்றில் வரும் நாற்றம் பழகிப்போனது. பரணியின் சட்டை மட்டும் பழகவில்லை.

அப்புறம் கொரோனா வந்தது. முதல் அலையில் எல்லோரும் தப்பித்தார்கள். இரண்டாவது அலையில் ஒருநாள் காலை, நெமிலியிலிருந்து அப்பா ராஜகோபால் போன் செய்தார். "இன்னாமா, உங்கம்மா காப்பித்தூள் போடறதையே நிறுத்திட்டா போலகீது. வாசனையே இல்ல" என்றார். அப்பாவும் மகளும் அதற்குச் சிரித்தார்கள். அந்த வாரமே அவரை வேலூருக்கு ஆம்புலன்சில் கொண்டுபோனார்கள். சுற்றிக் கட்டிய மூட்டையாகத்தான் திரும்பினார். தகனத்தைச் செல்போனில் பார்த்தாள் சங்கீதா. பாதியில் நெட் போய், படம் அப்படியே நின்றுவிட்டது.

அதிலிருந்துதான் தினமும் முகர்ந்து பார்க்க ஆரம்பித்தாள். முதலில் ஊதுபத்தி. பிறகு காப்பித்தூள். கொஞ்ச நாளில் அவற்றின்மேல் சந்தேகம் வந்தது. மூக்கில் ஏறுவது மல்லிகை ஊதுபத்திதானா, மல்லிகை என்கிற நினைப்பா? பரணியின் சட்டையில் அந்தச் சந்தேகமே வராது. அந்த நாற்றத்தை யார் ஆசைப்பட்டு நினைப்பார்கள்? அது அடித்தால் அன்றைக்குப் பிழைத்தோம் என்று அர்த்தம்.

ஊர் எல்லாவற்றையும் மறந்துவிட்டது. முகக்கவசம் அணியச் சொன்ன சுவரொட்டியை மறைத்துக்கொண்டு காதணி விழா பேனர் தொங்கியது. சங்கீதா மட்டும் பீரோவில் பட்டுப்புடவை மடிப்புக்குள் ஆக்ஸிமீட்டரை ஒளித்து வைத்திருந்தாள். கை கழுவிக் கழுவி விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. கேட்டவர்களிடம் பாத்திரம் தேய்க்கும் பவுடர் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். அவள் சட்டையை முகர்வதைப் பக்கத்து வீட்டு மஹ்பூபி அக்கா ஒருமுறை பார்த்துவிட்டு, "இன்னாமே, வேற எவளோட சென்ட்டாச்சும் அடிக்குதா?" என்று வம்பிழுத்தாள். சங்கீதா சிரித்து மழுப்பினாள். உண்மையைச் சொல்வதைவிட அந்தப் பழியைப் புருஷன் தலையில் போடுவது சுலபமாக இருந்தது.

இப்போது காப்பித்தூள் டப்பாவைத் திறந்து முகர்ந்தாள். வாசனை வந்த மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது. பெருங்காயம், மண்ணெண்ணெய் என்று ஒவ்வொன்றாக எடுத்தாள். எதையும் நம்ப முடியவில்லை. மதியம் யார் பக்கத்தில் நின்றோம், ரேஷன் கடையில் இருமியது யார் என்று மனம் ஓடிக்கொண்டிருந்தது.

தெருவில் விளையாடிக்கொண்டிருந்த மகள் பூங்குழலி ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டாள்.

"தள்ளிப் போ. கிட்ட வராத."

குழந்தையைப் பிய்த்து எடுத்து ஓரமாக நிறுத்திவிட்டு, அறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டாள் சங்கீதா. புடவை மடிப்பைக் கலைத்து ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டினாள். தொண்ணூற்று எட்டு காட்டியது. இன்னொரு முறை பார்த்தாள். தொண்ணூற்று ஏழு. இறங்குகிறது. அப்பாவுக்கும் இப்படித்தான் இறங்கியது என்று அம்மா சொல்லியிருந்தாள். விரலை மாற்றினாள், கையை மாற்றினாள். மூச்சு மேலே மேலே வந்தது.

கதவுக்கு வெளியே பூங்குழலியின் குரல் கேட்டது. "அம்மா, நான் ஒண்ணும் பண்ல."

சங்கீதா வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

பரணி கதவைத் தட்டினான். பிள்ளையை உடனே நெமிலிக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் விடும்படி உள்ளிருந்தே சொன்னாள். அடுத்த நொடியே, வேண்டாம், அம்மாவுக்கும் ஒட்டிக்கொள்ளும், மஹ்பூபி அக்கா வீட்டில் விடு என்றாள். அங்கே கைக்குழந்தை இருப்பது ஞாபகம் வர அதுவும் வேண்டாம் என்றாள். இருவரும் முதலில் முகத்தை மூடிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினாள். அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"இன்னா ஆச்சுன்னு சொல்லு சங்கீதா."

"வாசன போச்சு மாமா."

"இன்னா வாசன?"

"உன் சட்ட வாசன."

பிறகு அவன் வாசலுக்குப் போவதும், ஸ்கூட்டர் சீட்டைத் தூக்குவதும் கேட்டது. திரும்பி வந்து ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டி, வாயைப் பிரித்தான்.

கையில் வாங்குவதற்கு முன்பே அது அவளைத் தாக்கியது. கண் எரிந்தது. கல்யாணமான முதல் வாரம் போலவே சங்கீதா குமட்டிக்கொண்டு குனிந்தாள். குனிந்த நிலையிலேயே அழுதாள்.

"அதான் டேனரி சட்ட" என்றான் பரணி. "தினம் நான் வந்ததும் மோந்து பாக்கறியே, நான் கவனிக்காமலா இருப்பேன்? இத்தன வருசமாகியும் இவளுக்கு நம்ம நாத்தம் ஒத்துக்கல போலன்னு நெனச்சேன். சொல்லாம மனசுல வெச்சிகினு கஷ்டப்படறியேன்னு, இன்னிக்குத்தான் மொத மொதலா அங்கியே குளிச்சிட்டு, இதே மாதிரி வேற சட்ட போட்டுனு வந்தேன்."

கவரிலிருந்த சட்டையை மடியில் போட்டுக்கொண்டு, அப்பாவின் காப்பியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் ஜன்னலைப் பார்க்காமலே சொன்னாள் சங்கீதா. முடித்ததும் அவன், இனிமேல் குளிக்காமலே வருவதாகவும் அவள் தினமும் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னான்.

நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நிம்மதி நெஞ்சில் இறங்குவதற்குள் சட்டையைப் பிடித்திருந்த கை மறுபடியும் மூக்கை நோக்கி எழும்பியது. அறை முழுக்க நாறிக்கொண்டிருந்தது. அப்படியும் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்றது மனம். பாதியில் நின்ற தன் கையை, யாருடைய கையையோ பார்ப்பது போல் பார்த்தாள்.

"மாமா, எனக்கு மூக்குல ஒண்ணும் இல்ல."

"அதான் சொல்றேன்."

"அது இல்ல. நாளைக்கும் பாப்பேன். மறாநாளும் பாப்பேன். என்னால நிறுத்த முடியல."

இதை வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. சொன்னதும் பயம் இன்னும் பெரிதானது போல் இருந்தது. பரணி, லீவு சொல்லிவிட்டுக் கூட வருவதாகவும், வேலூரில் மனசுக்குப் பார்க்கிற டாக்டரிடம் காட்டலாம் என்றும் சொன்னான்.

"பைத்தியம்னு சொல்வாங்க."

"சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. டீக்கடைல என் பக்கத்துல ஒருத்தனும் உக்கார மாட்டான். அதுக்காக நான் வேலைக்குப் போவாம கீறனா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தாழ்ப்பாளைத் திறந்து நேராகக் கொல்லைக்குப் போய், சட்டையை வாளித் தண்ணீரில் அமுக்கி, சோப்புத்தூளை அள்ளிக் கொட்டினாள். "நாளைக்கும் நீ குளிச்சிட்டே வா" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

பூங்குழலி கொல்லைவாசலில் அப்பாவின் கையைப் பிடித்தபடி நின்றாள். ஓடி வரவில்லை.

"கிட்ட வரலாமாம்மா?"

சங்கீதா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மண்டியிட்டாள். குழந்தை வந்து அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்தது. நெற்றி சுடுவது போலிருந்தது. தெருவில் ஆடிய சூடாகத்தான் இருக்கும். சங்கீதாவின் விரல்கள் அந்த நெற்றிக்குப் போயின. தொடாமல் அப்படியே மேலே போய், கலைந்திருந்த முடியில் சிக்கெடுக்க ஆரம்பித்தன. ஒரு சிக்கு எடுத்தாள். விரல்கள் மறுபடியும் நெற்றிக்கு இறங்கப் பார்த்தன. இன்னொரு சிக்கைத் தேடினாள்.